கன்னியாவின் வெந்நீரும் கிறீன்லாந்தின் பனியும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தையே எழுதினார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக ஆசைப்பட்டு வந்த அந்த ஆழ்ந்த இயற்கைத் துறைமுகமும், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் கோணேசர் மலையும், காண்போர் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்வன ஆதலால், அப்படி எழுதியதில் வியப்பில்லை. ஆனால் அந்த உப்புக் கடலுக்கு மிகச் சமீபத்திலேயே, கண்ணுக்குப் புலப்படாதவாறு, இரண்டு நன்னீர்ச் செல்வங்கள் நிலத்தினுள் இருக்கின்றன. ஒன்று, நகருக்கு வடமேற்கே கன்னியாவில் பாறைப் பிளவுகளின் வழியே சூடாக மேலேறி வருவது. மற்றொன்று, நிலாவெளி தொடக்கம் குச்சவெளி வரையிலும், அதற்கப்பால் புல்மோட்டையிலும், கரையோர மணலுக்குள் தேங்கி நிற்பது. இவ்விரண்டும் எங்கிருந்து வந்தன, எவ்வாறு நிலைபெறுகின்றன என்று அறிய விஞ்ஞானிகள் செய்த பிரயத்தனத்தை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த வரலாற்றில், வெயில் கொளுத்தும் கன்னியாவின் இரகசியத்தை விடுவிக்கும் வழி, வருஷம் முழுவதும் உறைபனி மூடிக் கிடக்கும் கிறீன்லாந்தை ஆராய்ந்த ஒருவரிடமிருந்து கிடைத்தது என்பது என் மனத்தை மிகவும் ஈர்த்த விஷயம்.

கன்னியா, நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர் தூரத்தில், அநுராதபுரம் செல்லும் வீதியை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே அருகருகே ஏழு கிணறுகள். கிணறு என்றவுடன் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா வைத்து இறைத்த கிணறுகளை நினைத்துவிடக் கூடாது. இவை கல்லால் சதுரமாகக் கட்டப்பட்ட ஆழமில்லாத சிறு தொட்டிகள். எட்டிப் பார்த்தால் அடித்தளம் தெரியும். கயிறு வேண்டாம், குனிந்து வாளியால் அள்ளிவிடலாம். ஒரு கிணற்றின் நீரைத் தலையில் வார்த்துக்கொண்டு, ஈர வேட்டியோடு அடுத்ததற்குப் போகும் யாத்திரிகர், அங்கே சூடு வேறாக இருப்பதைத் தம் மேனியிலேயே உணர்வார். ஏழும் ஒரே உஷ்ணம் உடையன அல்ல. பொதுவாக 37 பாகை செல்சியஸ் முதல் 42 பாகை வரையில் அவை வேறுபடுகின்றன. மனித தேகத்தின் இயல்பான உஷ்ணம் 37 பாகை என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவு விளங்கும்.

தன் தாயின் ஈமக்கிரியைக்கு நீர் வேண்டி இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்த, அங்கெல்லாம் வெந்நீர் பீறிட்டது என்பது ஐதிகம். இறந்தோருக்குரிய அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்ய இன்றும் கன்னியாவை நாடி வருவோர் உண்டு. இந்த ஐதிகத்தை வெறுங்கதை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. வறண்ட காட்டின் நடுவே, ஆறும் குளமும் அல்லாத ஓரிடத்தில், கல்லைப் பிளந்துகொண்டு நீர் எப்படி வந்தது, அதுவும் சூடாக ஏன் வந்தது என்று நம் முன்னோர் கேட்ட கேள்வியே அதில் உறைந்து கிடக்கிறது. பின்னாளில் புவிச்சரிதவியலாளர் கேட்டதும் அதே கேள்விதான்.

சூட்டைப் பற்றி முதலில் பார்ப்போம். வெந்நீர் ஊற்று என்றால் அருகே எரிமலை இருக்க வேண்டும் என்று எண்ணுவது பலருக்கு வழக்கம். யப்பானிலும் ஐஸ்லாந்திலும் அது உண்மை. ஆனால் இலங்கைத் தீவில் எரிமலை இல்லை. இத்தீவின் பத்தில் ஒன்பது பாகம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலே வெந்து, அழுந்தி, உருமாறிய மிகப் பழமையான பளிங்குருப் பாறைகளால் ஆனது. ஆகவே உஷ்ணத்துக்கு வேறு காரணம் தேடவேண்டியதாயிற்று. பூமியைத் தோண்டிக்கொண்டு போகப் போக, ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சாதாரணமாக 25 முதல் 30 பாகை வரை சூடு கூடிக்கொண்டே போகும் என்பது உலகெங்கும் சுரங்கங்களிலும் ஆழ்துளைகளிலும் கண்ட உண்மை. திருகோணமலையின் சராசரி உஷ்ணம் 28 பாகை அளவினது. அந்த நிலத்திலிருந்து புறப்பட்ட நீர் 42 பாகை அடைய வேண்டுமானால், வழியில் சிறிதும் ஆறாமல் வந்தாலுங்கூட, குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழம் வரை இறங்கி மீண்டிருக்க வேண்டும். ஆறாமல் வருவது நடவாத காரியமாதலால், உண்மையில் அதனினும் ஆழமாகவே போயிருக்க வேண்டும். அவ்வளவு ஆழத்துக்கு நீர் இறங்கவும், இறங்கிய நீர் ஆறிப்போகுமுன் விரைந்து மேலே வரவும், பாறையில் நீண்ட வெடிப்புகள் இருந்தாலன்றி இயலாது.

அந்த வெடிப்புகள் எங்கே என்பதை இலங்கைத் தேசப்படம் தானாகவே காட்டுகிறது. வடகிழக்கே கன்னியா, அதற்குத் தெற்கே பொலன்னறுவைப் பக்கத்து நெலும்வெவ, அம்பாறை மாவட்டத்து மகா ஓயா, தென்கோடியில் அம்பாந்தோட்டை மாவட்டத்து மகாபெலெஸ்ஸ என்று வெந்நீரூற்றுகளைப் புள்ளியிட்டுப் பார்த்தால், அவை தீவின் கிழக்குப் புறமாக வடக்கிலிருந்து தெற்கே செல்லும் ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பது தெரியும். நெலும்வெவவில் நீர் 60 பாகைக்கு மேல் சூடானது. கையை வைக்க முடியாது. இந்த ஒழுங்கு, மத்திய மலைநாட்டை ஆக்கிய பாறைத் தொகுதியும் கிழக்கே விஜயன் தொகுதி என்று வழங்கப்படுவதும் ஒன்றோடொன்று பொருந்தும் எல்லையை ஒட்டிச் செல்கிறது. ஆதிகாலத்தில் இரு பெரும் நிலப்பாகங்கள் மோதி இணைந்த தழும்பு அது. தழும்பு உள்ள இடத்தில் பிளவும் இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. பி. திஸாநாயக்கவும் ஜயசேனவும் 1988 ஆம் ஆண்டிலேயே இவ்வூற்றுகளின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

சூட்டுக்குக் காரணம் ஒருவாறு தெரிந்தது. நீருக்கு? கடலுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால் கடல்நீரே பாறை வழியாக உட்புகுந்து வருகிறது என்று ஒருவர் சொல்லலாம். பாறைகள் தோன்றிய காலத்திலேயே அவற்றுள் சிறைப்பட்ட ஆதிநீர் என்று இன்னொருவர் சொல்லலாம். மாரியில் பெய்யும் மழையே ஆழம் போய் மீள்கிறது என்று மூன்றாமவர் சொல்லலாம். மூன்றும் பார்வைக்குத் தண்ணீரே. இவற்றைப் பிரித்தறிய நீருக்கே ஓர் அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் டென்மார்க் தேசத்து வில்லி டான்ஸ்கார்ட்.

1922 ஆம் ஆண்டில் கொப்பன்ஹேகனில் பிறந்த இவர், பௌதிகம் பயின்று, இளம் வயதிலே தம் மனைவியுடன் கிறீன்லாந்துக்குச் சென்று பூமியின் காந்த சக்தியை அளக்கும் வேலையில் ஈடுபட்டிருந்தார். பனிப் பிரதேசத்தின் மீது அவருக்கு உண்டான பற்று அதன்பின் அவரை விட்டு நீங்கவில்லை. ஊர் திரும்பியபின், பல்கலைக்கழகத்திலே அணுக்களின் நிறையைப் பிரித்து அறியும் கருவி ஒன்று அவர் பொறுப்பில் வந்தது. நீரிலுள்ள ஒட்சிசன் அணுக்கள் எல்லாம் ஒரே நிறை உடையன அல்ல. ஏறத்தாழ ஐந்நூறில் ஒன்று மற்றவற்றிலும் கனமானது. இத்தகைய கன வேறுபாடுடைய ஒரே மூலகத்தின் அணுக்களைச் சமதானிகள் என்பர். மழைத்துளிக்கு மழைத்துளி இந்தக் கன அணுக்களின் விகிதம் மாறுமா என்பது டான்ஸ்கார்டின் மனத்தில் எழுந்த கேள்வி.

1952 ஜூன் மாதத்தில் கொப்பன்ஹேகனில் விடாமழை பிடித்தது. அவர் தம் வீட்டுப் புற்றரையில் வெறும் பியர்ப் போத்தல் ஒன்றை நிறுத்தி, அதன் வாயிலே ஒரு புனலைச் செருகி வைத்தார். மழை மேகங்களின் தன்மை மாற மாற, பிடித்த நீரை வெவ்வேறாக எடுத்து வைத்துப் பின்னர் கருவியிலே சோதித்தார். ஒரே மழையின் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் வேற்றுமை இருந்தது. குளிர்ந்த மேகத்திலிருந்து விழுந்த நீரில் கன அணுக்கள் குறைவு. கடலிலிருந்து ஆவியாக எழுந்து துருவத்தை நோக்கிப் பிரயாணம் செய்யும் மேகம், நெடுந்தூரம் நடக்க வேண்டிய சுமைகாரன் பாரமான மூட்டைகளை முதல் முதல் இறக்கிவிட்டுப் போவதைப்போல, கனமான நீர்த்துகள்களை முன்னதாகவே மழையாக உதிர்த்துவிட்டு, குளிர்ந்த நாட்டை அடையும்போது இலேசானதையே மிகுதியாகத் தாங்கிச் செல்கிறது. இதை உறுதி செய்துகொள்ள, உலகத்தின் பல திசைகளிலிருந்தும் நீர் வரவழைத்துச் சோதித்த அவர், ஒரு பிரதேசத்தின் குளிருக்கும் அங்கே விழும் நீரின் இலேசுக்கும் தொடர்பு உண்டென்பதை 1964 இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் நிலைநாட்டினார்.

அக்கட்டுரைக்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே, 1954 இல், அவர் ஒரு பெரும் எண்ணத்தை வெளியிட்டிருந்தார்: கிறீன்லாந்தின் பனிப்பாளம் ஒவ்வோராண்டும் விழுந்த பனியின் அடுக்கு ஆதலால், அதன் சமதானிகளை மேலிருந்து கீழாக வாசித்தால் பழங்காலத்தின் குளிர் வெப்பங்களை அறியலாம் என்பதே அது. அந்த எண்ணம் பலிக்க அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. வடமேற்குக் கிறீன்லாந்தில் காம்ப் செஞ்சுரி என்ற அமெரிக்க இராணுவ முகாமிலே 1966 இல் பனியைத் துளைத்து, ஏறக்குறைய 1,390 மீற்றர் ஆழத்தில் அடிநிலத்தைத் தொட்டார்கள். துளையிலிருந்து எடுத்த பனித்தண்டை ஆராயும் பேறு டான்ஸ்கார்டுக்குக் கிடைத்தது. 1969 இல் அவரும் உடன் உழைத்தோரும் வெளியிட்ட முடிவுகள், கடைசிப் பனியூழிக் காலம் முழுவதையும் ஒரே தொடர்ச்சியாகக் காட்டின. பிற்காலத்தில், சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஒஷ்கருடைய பெயரோடு இவர் பெயரையும் சேர்த்து, பனியூழிக்குள் திடீர் திடீரென நேர்ந்த வெப்ப மாற்றங்களை உலகம் வழங்குகிறது. 2011 இல் இறக்கும்வரை அவருடைய ஆராய்ச்சிகள் அனைத்திலும் அந்தப் போத்தலில் பிடித்த மழையின் கேள்வியே ஓடிக்கொண்டிருந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதே காலத்தில் அமெரிக்காவிலே ஹார்மன் கிரெய்க் என்பவர், உலகத்து மழைநீர், ஆற்றுநீர், பனிநீர் யாவற்றிலும் கன ஒட்சிசனும் கன ஐதரசனும் ஒன்றுக்கொன்று மாறாத ஒரு விகிதத்தில் கூடிக் குறைகின்றன என்று 1961 இல் காட்டினார். வரைபடத்தில் குறித்தால் அவை ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. ஒரு நீர் அந்தக் கோட்டில் விழுமானால் அது மழையின் வழித்தோன்றல். வெயிலில் ஆவியாகிய குளத்துநீரும் கடல்நீரும் கோட்டை விட்டு விலகி நிற்கும். பெரும் வெந்நீரூற்றுகளின் நீரும் பெரும்பாலும் அவ்வவ் இடத்து மழையே என்பதைக் கிரெய்க் தாமே விளக்கினார். அந்நாட்களிலேயே சர்வதேச அணுசக்தி முகவரகம் உலகெங்கும் மழைநீரைப் பிடித்துச் சோதிக்கும் நிலையங்களின் வலை ஒன்றையும் தொடக்கியது.

இனிக் கன்னியாவுக்கு மீளலாம். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றோகண சந்திரஜித், திஸாநாயக்கவுடனும் ஜெர்மானிய விஞ்ஞானிகளுடனும் சேர்ந்து, இலங்கையின் வெந்நீரூற்றுகளிலிருந்து நீர் எடுத்து, அதில் கரைந்துள்ள உப்புகளையும் சமதானிகளையும் சோதித்து, 2013 இல் முடிவுகளை வெளியிட்டார். இந்நீர் வானத்து மழையே என்பதைச் சமதானிகள் காட்டின. கரைந்துள்ள பொருள்களைக் கொண்டு கணித்தபோது, இத்தீவின் அடியில் ஆழத்துக்கேற்பச் சூடு கூடும் வேகம் முன்பு எதிர்பார்த்ததிலும் அதிகம் என்பதும் வெளிப்பட்டது. எங்கோ வடதுருவத்துப் பனியை வாசிக்கப் பிறந்த சாஸ்திரம், இராவணன் வாள் குத்திய இடமென்று நாம் போற்றும் நீரின் பிறப்பை இவ்வாறு சொல்லிற்று.

இதன் பொருள் சாதாரணமானதன்று. திருகோணமலையில் ஆண்டொன்றுக்குச் சராசரி 1,600 மில்லிமீற்றர் அளவு மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள வடகீழ்ப் பருவ காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் கச்சான் காற்று மண்ணை உலர்த்துகிறது. அந்தச் சில மாதத்து மழையில் ஒரு சிறு பங்கே, காட்டு மரங்களின் வேரடியில் தங்கி, மண்ணில் ஊறி, பாறை வெடிப்பைக் கண்டு ஆழத்துக்கு இறங்குகிறது. வெந்நீர் பாறையின் சொந்தச் சொத்து என்றால் எவ்வளவு அள்ளினாலும், சுற்றிலும் என்ன செய்தாலும் அதற்குக் குறைவில்லை என்று இருந்துவிடலாம். மழை என்று தெரிந்தபின் அவ்விதம் இருக்கலாகாது. கன்னியாவைச் சுற்றியுள்ள காட்டை வெட்டுவதும், அதன் அருகே ஆழ்துளைக் கிணறுகளை இறக்குவதும், ஊற்றையே தொடுகிற காரியங்கள்.

கன்னியாவின் நீர் பாறைக்குள் எங்கே போய் வருகிறது என்பதை ஊகித்தே அறியவேண்டும். நிலாவெளியின் நீரோ கையெட்டும் ஆழத்தில் இருக்கிறது. இலங்கையின் நிலத்தடி நீரை வகைப்படுத்தியவர்களில், உலர் வலயத்து மண்ணையும் குளங்களையும் நெடுங்காலம் ஆராய்ந்த மண் விஞ்ஞானி சி. ஆர். பானபொக்கவுக்கு உயர்ந்த இடம் உண்டு. அவர் பெரேராவுடன் சேர்ந்து 2005 இல் நீர்வளச் சபைக்காக எழுதிய நூலில், தீவின் நிலத்தடி நீர்ப்படைகளை ஆறு பெரும் வகையாகப் பிரித்தார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நீர்ப்படை ஒன்று. கரையோர மணல் நீர்ப்படை மற்றொன்று. அந்த மணல் வகைக்குள்ளும், கற்பிட்டி, மன்னார் ஆகியவற்றைப்போல் கடலுக்குள் நீண்ட மணல்திட்டுகளில் உள்ளவை வேறு. பழைய கடற்கரை உயர்ந்து நிலமான இடங்களில் உள்ளவை வேறு. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கல்குடா ஆகியவை இந்த இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவை.

நிலாவெளி மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர். அதே இடத்தில் அளவு மீறித் தோண்டினால் சவர். கடற்கரையோரத்துத் தோட்டக்காரர் இதை விஞ்ஞானிகளுக்கு முன்னமே அறிந்தவர். காரணத்தை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து இராணுவப் பொறியியலாளர் படோன் ஹைபனும், 1901 இல் ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பேர்க்கும், ஒருவரை ஒருவர் அறியாமலே கண்டறிந்தனர். நன்னீரைவிடக் கடல்நீர் நாற்பதில் ஒரு பங்கு அதிகக் கனமானது. ஆதலால் மணலுக்குள் ஊறிய மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருக்குமானால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். கேட்க மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வைத்து இறைத்து மேலே உள்ள மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்பெல்லை நாற்பது அடி உயர்ந்து வரும். மாரியில் இந்த நன்னீர் வில்லை பருக்கிறது, கோடையில் மெலிகிறது. ஒவ்வோராண்டும் அதன் உவரெல்லை ஏறி இறங்குகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வாளியால் வார்த்த காலத்தில் தாங்கிய மணல், பெரிய விடுதிகளும் பெரிய பம்புகளும் ஓயாது உறிஞ்சினால் தாங்குமா என்பதைச் சிந்திக்க வேண்டும். நகரத்தாருக்கோ கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் வருகிறது; கிணற்றின் ஞாபகம் மறைந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையைத் தாக்கியபோது, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கரையோரக் கிணறுகளில் எண்ணற்றவை உப்பாயின. உதவிக்கு ஓடிவந்தோர், நல்லெண்ணத்தோடு, பம்புகளை வைத்து உப்புநீரை இறைத்து ஊற்றினர். இறைத்த கிணறு மறுபடி உப்பாகவே ஊறியது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கரன் வில்ஹோல்ட்டும் குழுவினரும் மட்டக்களப்புப் பகுதிக் கரையிலே கிணறுகளைத் தொடர்ந்து அளந்து, திரும்பத் திரும்ப இறைப்பதால் பயன் குறைவு என்றும், மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறும் அபாயம் உண்டென்றும், மணலைக் கழுவுவது மழையே என்றும் காட்டினார்கள். சேறும் குப்பையும் அகலும் அளவுக்கு மட்டும் இறைத்துவிட்டு மாரிக்குக் காத்திருப்பதே தக்க வைத்தியம். இந்த அறிவு அப்போதே கிராமந்தோறும் இருந்திருக்குமாயின், துயரத்தில் மூழ்கிய மக்களின் எவ்வளவோ உழைப்பு வீணாகாமல் இருந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

அளத்தலும் குறித்து வைத்தலும் இல்லாமல் நிலத்தடி நீரைப் பற்றி ஒன்றும் சொல்ல இயலாது. கிணற்றின் நீர்மட்டம் சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்கிருந்தது என்பது தெரிந்தாலன்றி, இவ்வாண்டு அது தாழ்ந்ததா என்று யார் சொல்ல முடியும்? இந்தக் காரியத்தை அரசாங்க நிலையங்களின் பொறுப்பிலேயே விட்டுவிட வேண்டியதில்லை. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் சாம்பல்தீவிலும் கிணறுள்ள வீட்டுக்காரர் ஒவ்வொருவரும், போயா விடுமுறை நாளின் காலையில், நீர் அள்ளுமுன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றை இறக்கி அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம்; வாய்க்குச் சவர் தட்டுகிறதா என்பதையும் அருகே குறிக்கலாம். திருகோணமலைப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள், மாணவர் சிலரை வெப்பமானியுடன் கன்னியாவுக்கு அழைத்துச் சென்று, ஏழு கிணறுகளின் உஷ்ணத்தையும் மாதம் ஒருமுறை குறித்து வரச் செய்யலாம். மழைமானி ஒன்றைப் பாடசாலை முற்றத்தில் நிறுத்தி, மாரிக்கும் ஊற்றின் சூட்டுக்கும் தொடர்பு காண முயலலாம். வருகிற போயா விடுமுறைக்கே இதைத் தொடங்கிவிடுமாறு இக்கட்டுரையை வாசிக்கும் திருகோணமலை அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.